பழத்தின் மேற் பழி

லிச்சிப் பழத்தைப் பற்றி நமது வாசகருட் பலர் கேள்விப்பட்டிருப்பர். உண்டு சுவைத்தோர் சிலராகவே இருத்தல் கூடும். தென் சீனத்தையும் அதனை அடுத்த வட வியட்நாமையும் தாயகமாகக் கொண்ட அம்மரம், நமது சந்தைகளிற் குவியும் றம்புட்டானுக்கு நெருங்கிய உறவு. செதிள் செதிளான செந்நிறத் தோல், அதனுள்ளே ஒளி ஊடுருவும் வெண்ணிறச் சதை, நடுவே பளபளக்கும் கபில நிற விதை ஒன்று: இதுவே லிச்சி. சதை உணவு, விதை மருந்து. சீன வைத்தியர் பல நூற்றாண்டுகளாக அவ்விதையை வறுத்துப் பொடித்து வயிற்று நோவுக்கும் குடலிறக்க நோவுக்கும் வழங்கி வந்துள்ளனர்.

இத்தகைய சிறு பழமொன்றுக்கும் சரித்திரம் உண்டோ எனச் சிலர் வினவலாம். உண்டு, அதுவும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம். அதனை ஊன்றிக் கற்போர் ஓர் உண்மையைக் காண்பர். இப்பழத்தை முன்னிட்டு மனிதர் மடிந்தபோதெல்லாம், அம்மடிவுக்குக் காரணமான சமுதாய அமைப்பைச் சுட்டாது, வேறொன்றின் மேற் பழியைச் சுமத்தும் வழக்கமே மேலோங்கி நின்றது. ஒருகாற் பெண்ணொருத்தியின் மேற் பழி; மற்றொருகாற் பழத்தின் மேலேயே பழி. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, இன்றும் எவ்வாறு நிலைத்திருக்கின்றது என்பதை ஆராய்தலே நமது நோக்கம்.

முதற்கண் பழத்தின் இயல்பை அறிதல் வேண்டும். லிச்சி, கொய்த பின் நெடுநாள் நில்லாது. தாங் வமிசக் காலத்துப் பெருங்கவிஞர் பாய் ஜுயி, தென்மேற்குப் பகுதியில் அதிகாரியாகப் பணியாற்றியபோது, ஓவியர் ஒருவரைக் கொண்டு லிச்சியின் படத்தை வரைவித்து, அதற்கு 820ஆம் ஆண்டில் முகவுரையும் எழுதினார். கிளையை விட்டு நீங்கிய முதல் நாளில் நிறமும், இரண்டாம் நாளில் மணமும், மூன்றாம் நாளிற் சுவையும் மாறத் தொடங்கும் என்றும், நான்கைந்து நாட்களின் பின் யாவுமே அழிந்துவிடும் என்றும் அவர் அதிற் குறித்தார். பழத்தைக் காணாதோர்க்கும், கண்டும் முதன் மூன்று நாட்களுள் உண்ணாதோர்க்கும் அதனை அறிவிப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. மரம் வளரும் நாட்டில் வாழ்வோர்க்கு இவ்வியல்பு ஓர் இடையூறன்று. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வடக்கே அமர்ந்திருந்து, தென்னாட்டுப் பழத்தைப் புதிதாகவே உண்ணவேண்டும் என ஆணையிடும் வல்லமை ஒருவனுக்கு வாய்த்தபோதே அது மனித உயிர்களோடு தொடர்புற்றது.

அவ்வல்லமை ஹான் வமிசத்துப் பேரரசனான வூ திக்கு வாய்த்தது. கி.மு. 111இல் அவனுடைய படைகள் நான்யுவே இராச்சியத்தை வென்றன. இன்றைய குவாங்தொங்கும் வட வியட்நாமும் அவன் ஆட்சிக்குட்பட்டன. வெற்றியின் நினைவாகத் தலைநகர்ப் பகுதியில் அரண்மனையொன்று எழுப்பப்பட்டு, லிச்சியின் பெயரையே தாங்கி 'ஃபூலி அரண்மனை' என வழங்கிற்று. தென்னாட்டிலிருந்து கமுகும் தோடையும் வாழையும் கொண்டுவரப்பட்டன. நூறு லிச்சி மரங்களும் வேரோடு பெயர்த்து வந்து நடப்பட்டன. அவற்றுள் ஒன்றும் பிழைக்கவில்லை. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நட்டனர். ஈற்றில் ஒரு மரம் மட்டும் துளிர்த்தது, பூக்கவுமில்லை, காய்க்கவுமில்லை. அதுவும் ஒருநாள் வாடியபோது, காவலாளர் பலர் அதன் பொருட்டுக் கொலைத்தண்டனை பெற்றனர் எனப் பழைய சீன நூலொன்று கூறுகின்றது. வட சீனத்தின் கடுங்குளிரே மரத்தைக் கொன்றது. குளிரைத் தண்டிக்க இயலாத அரசன், கூலிக்குக் காவல் நின்றவனைத் தண்டித்தான்.

மரம் வாராத இடத்துக்குப் பழமாவது வரவேண்டுமன்றோ? எனவே லிச்சி திறைப் பொருளாயிற்று. பத்து லி தூரத்துக்கு ஓர் அஞ்சல் நிலையமும், ஐந்து லிக்கு ஒரு காவல் நிலையமும் அமைத்து, இரவு பகலாக ஓட்டர் அப்பழத்தைச் சுமந்தனர் என ஹான் வமிச வரலாறு குறிக்கின்றது. ஒரு லி என்பது அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். காடும் மலையும் கொடிய விலங்கும் நிறைந்த அவ்வழியில் ஓட்டர் பலர் வீழ்ந்து மடிந்தனர். லின்வு என்னும் சிற்றூர்ப் பகுதியின் தலைவராயிருந்த தாங் சியாங் என்பார் இக்கொடுமையை நேரிற் கண்டார். பழங்கள் சென்ற பாதை அவருடைய எல்லையூடாகவே சென்றது. அவர் அரசனுக்கு விண்ணப்பம் வரைந்தார். கி.பி. 106இல் மறைந்த ஹோ தி என்னும் பேரரசன் அவ்விண்ணப்பத்தை ஏற்று, லிச்சித் திறையை நிறுத்தினான். மாகாணத் தலைவர்களும் மந்திரிகளும் வாய்மூடியிருந்த விடயத்தைக் கீழ்நிலை அதிகாரி ஒருவர் துணிந்து கூறினார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

ஆயினும் அமைப்பு மாறாதிருக்க, நல்லரசன் ஒருவனின் ஆணை எத்துணைக் காலத்துக்கு நிலைக்கும்? ஆறு நூற்றாண்டுகளின் பின், தாங் வமிசத்துச் சுவான்சொங் காலத்தில் (712-756) லிச்சி மீண்டும் குதிரையேறிற்று. அவனுடைய காதற்கிழத்தியாகிய யாங் குவைஃபெய் அப்பழத்தை விரும்பினாள் என்றும், அது சுவை மாறுமுன் தலைநகர் சாங்கானை அடையும் வண்ணம் அஞ்சற் குதிரைகள் ஓடின என்றும் வரலாற்று நூல்கள் கூறும். பழம் தென்கோடியாகிய லிங்நானிலிருந்து வந்ததா, யாங்சி ஆற்றங்கரை ஃபூலிங்கிலிருந்து மலைகளைக் கடந்து வந்ததா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இரு கொள்கைகள் உண்டு. எவ்வழி வந்தாலும், வந்தது குடிமக்களின் முதுகின் மேலேயே என்பதில் ஐயமில்லை.

755இல் ஆன் லுஷான் என்னும் எல்லைப்படைத் தளபதி கலகம் விளைத்தான். மறு ஆண்டு அரசன் தலைநகரை விட்டு ஓடினான். வழியில் மாவெய் என்னுமிடத்திற் படைவீரர் கிளர்ந்து, மந்திரியாயிருந்த அவளுடைய உறவினனைக் கொன்றனர். அவளையும் கொல்லவேண்டும் என வற்புறுத்தினர். அரசன் இணங்கினான். எட்டாண்டுக் காலம் நீடித்த அப்போர் நாட்டைச் சூறையாடியது. இதன் பின்னரே லிச்சி, கவிதையிற் பெரும்பொருளாயிற்று. 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தூ மூ, ஹுவாசிங் அரண்மனையிற் பழத்தை எதிர்நோக்கி மகிழ்ந்திருக்கும் மங்கையின் சித்திரத்தை அழியா வண்ணம் தீட்டினார். அரசவை அவ்வரண்மனையிற் குளிர்காலத்தையே கழிப்பது வழக்கம் என்பதையும், லிச்சி பழுப்பதோ கோடையில் என்பதையும் பிற்காலத்து உரைகாரர் சுட்டிக் காட்டினர். எனினும் உண்மையிலும் சித்திரமே மக்கள் மனத்தில் நிலைத்தது. ஒரு பேரரசு வீழ்ந்தது. வீழ்ந்ததற்குக் காரணம் ஒரு பெண்ணின் நாவாசை என்னும் கதை நூற்றாண்டு நூற்றாண்டாக ஓதப்பட்டது.

இக்கதை யாருக்கு வசதியானது என நாம் சிந்தித்தல் வேண்டும். உழுவோர்க்கு நிலத்தைப் பங்கிட்டளித்த பழைய முறை அந்நூற்றாண்டிலே சிதைந்து, நிலம் செல்வர் கையிற் குவிந்தது. நிலமிழந்த குடியானவர் ஊரை விட்டோடினர். குடியானவரே முறைவைத்துப் படையாட்களாகப் பணிபுரிந்த ஏற்பாடு ஒழிந்து, எல்லைகளில் நிலையான கூலிப்படைகளும் அவற்றைத் தம் சொந்த உடைமைபோல் ஆண்ட தளபதிகளும் தோன்றினர். ஆன் லுஷான் அத்தளபதிகளுள் ஒருவனே. அவனிடம் மூன்று எல்லை மாகாணங்களின் படையை ஒப்படைத்தவன் அரசன். லிச்சி உண்டவள் அல்லள். அந்தப்புரத்தில் அடைபட்டிருந்த ஒருத்தியைக் குற்றவாளியாக்குவதன் மூலம், நிலத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் படையைப் பற்றியும் கேள்வி எழாதபடி பார்த்துக்கொள்ள முடிந்தது. நமது பாடசாலைகளிற் பேரரசுகளின் வீழ்ச்சியைக் கற்பிக்கும்போது அரசரின் சிற்றின்பத்தையே காரணமாகக் காட்டும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதையும் இங்கு நினைவூட்டுவோம்.

பெண்ணின் மேற் சுமத்தப்பட்ட பழியை அவ்வளவில் ஏற்காது, ஆட்சியாளரை நோக்கி விரல் நீட்டிய கவிஞர் ஒருவர் சொங் வமிசக் காலத்திலே தோன்றினார். அவர் சூ ஷி. அரசியற் பகையால் 1094இல் தென்கோடி ஹுயிஜோவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டார். லிச்சியை அங்கே மரத்தடியிலேயே சுவைத்து, அதன் பொருட்டுத் தென்னாட்டவனாகவே வாழ்ந்துவிடலாம் என மகிழ்ந்தும் பாடினார். ஆனால் 1095இல் அவர் இயற்றிய 'லிச்சிப் புலம்பல்' வேறு வகையானது. ஹான் காலத்து ஓட்டரின் பிணங்களையும் தாங் காலத்துக் குதிரைகளின் புழுதியையும் அக்கவிதை நம் கண்முன் நிறுத்துகின்றது. தாங் காலத்து மந்திரியை மக்கள் இன்னமும் வெறுக்கின்றனர், ஆனால் திறையை நிறுத்துவித்த தாங் சியாங்கை நினைப்பார் இல்லை என அவர் வருந்தினார். அதனோடு நில்லாது தம் காலத்துக்கும் வந்தார். பெயர்போன தேயிலையையும் மலர்களையும் அரசனுக்கு அனுப்பித் தயவு தேடும் அதிகாரிகளைப் பெயர் சுட்டியே கண்டித்தார். நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் இவ்வாறு எழுதியது சிறு துணிவன்று.

எனினும் சூ ஷியின் சிந்தனைக்கும் ஓர் எல்லை இருந்தது. இத்தகைய அரிய பொருள்கள் விளைவதே மக்களுக்குப் புண்ணாகின்றது. வானம் இரங்கி இவற்றை விளைவியாதிருத்தல் நன்று என்னும் கருத்து அக்கவிதையில் ஒலிக்கின்றது. அதாவது, பெண்ணிலிருந்து பெயர்ந்த பழி இப்போது பழத்தின் மேல் வந்து அமர்ந்தது. கோரும் கை நீங்கவேண்டும் என்று கூறவேண்டிய இடத்தில், கோரப்படும் பொருள் இல்லாதொழியவேண்டும் என்கிறார் கவிஞர். நெஞ்சார்ந்த இரக்கம் இருந்தும், அமைப்பை மாற்றும் ஆற்றல் எங்கேயுள்ளது என்பதை அக்காலத்து அறிவாளி காணும் நிலையில் இருக்கவில்லை.

இதிற் சுவையான முரணொன்று உண்டு. தேயிலைத் திறைக்காகச் சூ ஷி கண்டித்தவர்களுள் ஒருவர் த்சாய் சியாங். ஃபூஜியனிற் பிறந்து அங்கேயே உயர் அதிகாரியாக விளங்கிய இவர், 1059இல் லிச்சியைப் பற்றித் தனி நூலொன்றை எழுதினார். ஏழு இயல்களில், முப்பத்திரண்டு வகை லிச்சிகளை விளக்கும் அந்நூல், தனியொரு பழத்தைப் பற்றி உலகில் எழுந்த பழமையான நூல்களுள் ஒன்று. அதிலே வாணிபத்தைப் பற்றி அவர் கூறுவன வரலாற்று மாணவனுக்குப் பொன் போன்றவை. மரம் பூக்கும்போதே வியாபாரிகள் தோப்பைப் பார்வையிட்டு, விளைவை மதிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதிக்கொள்வர். விளைவு கூடினும் குறையினும் பழம் வியாபாரிக்கே உரியது. உப்புநீரிலும் செம்மலர்ச் சாற்றிலும் ஊறவைத்து உலர்த்தப்பட்ட லிச்சி, தலைநகருக்கும் வட நாடுகளுக்கும், கப்பலேறிக் கொரியா, யப்பான், அராபியா முதலிய நாடுகளுக்கும் சென்றது. விற்பனை பெருகப் பெருக மரங்களும் பெருகின. ஆனால், தோப்பு முழுவதும் விலைப்பட்டுவிடுவதால், விளைவிக்கும் ஊரவருள் வயிறார உண்போர் அரியர் என த்சாய் சியாங்கே எழுதி வைத்தார்.

ஓர் அதிகாரி, புலம்பல் ஏதுமின்றி, கண்டதைக் கண்டவாறு எழுதிய இவ்விடயம் கவிஞரின் புலம்பல் காட்டாத ஒன்றைக் காட்டிவிடுகின்றது. இங்கே அரச ஆணை இல்லை. அஞ்சற் குதிரை இல்லை. பழம் அழுகும் என்ற அச்சமும் இல்லை, அதனை உலர்த்தக் கற்றுவிட்டனர். இருந்தும் வளர்த்தவன் உண்ணவில்லை. திறைக்குப் பதிலாக ஒப்பந்தம் வந்தது. குதிரைவீரனுக்குப் பதிலாக வியாபாரி வந்தான். பழம் ஒன்றே, மரத்துக்கும் மனிதனுக்கும் இடையில் நின்ற உறவே மாறிற்று. எனவே குற்றம் பழத்தின் அருமையில் இல்லை, உடைமையின் முறையிலேயே உள்ளது என்பது தெளிவு.

இனி மருந்தாகிய லிச்சிக்கு வருவோம். அரண்மனைக்குச் சென்றது சதை. ஏழையின் வீட்டில் எஞ்சியது விதை. அவ்விதையின் பயனை முறையாகத் தொகுத்துக் கூறியவர் மிங் வமிசக் காலத்து மருத்துவ மேதை லீ ஷிஜென் (1518-1593). வைத்தியக் குடும்பத்திற் பிறந்த அவர், உழவரிடமும் மீனவரிடமும் விறகுவெட்டிகளிடமும் கேட்டறிந்தும், பழைய நூல்களை ஒப்புநோக்கியும், ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பின் பயனாகத் தமது மருந்துப் பொருட் களஞ்சியத்தை 1578இல் முடித்தார். 1892 மருந்துப் பொருள்களை விளக்கும் அந்நூல், அவர் மறைந்த பின்னர் 1596இல் அச்சில் வெளிவந்தது. உணவுக்கு லிச்சியும் உடலுறுதிக்கு லொங்கனும் சிறந்தவை என்பது அவர் தீர்ப்பு. லொங்கனும் லிச்சியின் இனமே. நமது நாட்டுக் காடுகளிலும் அது இயற்கையாக வளர்கின்றது, சிங்கள மக்கள் அதனை 'மொற' என்பர். லிச்சி விதை குளிரால் விளையும் நோவையும் குடலிறக்க நோவையும் போக்கும் என்றும், புதிய பழத்தை மிகுதியாக உண்டால் ஈறு வீங்கும், மூக்கிற் குருதி கசியும் என்றும் அவர் குறித்தார்.

இவற்றுள் யாவும் இன்றைய விஞ்ஞானம் ஏற்பன என நாம் கூறவில்லை. விதையின் உருவத்தைக் கண்டு உறுப்பின் உருவத்தோடு ஒப்பிட்டு மருந்தென முடிவு செய்வது அக்காலத்து முறைகளுள் ஒன்று. அதனை விஞ்ஞானமெனக் கொள்ளல் இயலாது. ஆனால் லிச்சியை இனிய உணவாக மட்டும் கருதாது, உடலில் வலிய மாற்றங்களை விளைவிக்கும் பொருளாகவும், அளவறிந்து உண்ணவேண்டிய பொருளாகவும் பொதுமக்கள் அனுபவம் கண்டிருந்தது. அவ்வனுபவம் பொய்யன்று. 1954இல், லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த அக்கீ என்னும் பழத்திலிருந்து, இரத்தத்தின் சர்க்கரையைக் குறைக்கும் நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அக்கீ, யமேக்கா நாட்டு ஏழைகளின் உணவு. அதன் முதிராக் காயை உண்டு மாண்டோர் பலர். 1962இல் அதனோடு ஒத்த பொருளொன்று லிச்சி விதையிலும் இருப்பதாகக் கண்டறிந்தனர். பின்னர் அது சதையிலும் உண்டு என்பது தெரியவந்தது.

இக்கண்டுபிடிப்பின் கொடிய பொருள் இந்தியாவிலே விளங்கிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவிற் பர்மா வழியாக இந்தியாவை அடைந்த லிச்சிக்கு, பீகார் மாநிலத்து முசாபர்பூர் சிறந்த விளைநிலமாயிற்று. அங்கே 1990களிலிருந்து, லிச்சி பழுக்கும் மே, யூன் மாதங்களில், நலமாக உறங்கச் சென்ற சிறுவர் விடியற்காலையில் வலிப்புற்று, நினைவிழந்து மடிந்தனர். 2014இல் இரு மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்ட 390 நோயாளருள் 122 பேர் இறந்தனர். இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் கூடி நடத்திய விசாரணையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. லிச்சியின் நச்சுப்பொருள்கள் அச்சிறுவரின் உடலிற் காணப்பட்டன. அதனோடு மற்றொரு காரணமும் சேர்ந்தே வெளிப்பட்டது: நோயுற்ற சிறுவருட் பலர் முன்னைய மாலையில் உணவு உண்டிருக்கவில்லை.

இதன் விளக்கம் எளியது. உணவின்றி இரவைக் கழிக்கும் உடல், ஈரலிற் சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவிடும். அது தீர்ந்தால், கொழுப்பை எரித்துப் புதிய சர்க்கரையை ஆக்கும். லிச்சியின் நச்சுப்பொருள் இவ்விரண்டாம் வழியை அடைத்துவிடுகின்றது. வயிறார உண்ட பிள்ளைக்கு முதலாம் வழி திறந்திருப்பதால் தீங்கில்லை. போசாக்கற்ற பிள்ளையின் ஈரலிலோ சேமிப்பே இல்லை. தோப்பில் உதிர்ந்த காயையும் பழத்தையும் பகலெல்லாம் பொறுக்கியுண்டு, இரவிற் பசியோடு உறங்கிய பிள்ளைக்கு இரு வழிகளும் அடைபட்டன. மாலை உணவு தவறாது கொடுக்கவேண்டும், நோயுற்றால் உடனே குளுக்கோசு ஏற்றவேண்டும் என்ற அறிவுரை பரப்பப்பட்ட பின் வந்த சில ஆண்டுகளில் நோய் தணிந்தது. ஆயினும் 2019இல் அது மீண்டும் கிளர்ந்து, பீகாரில் 150க்கு மேற்பட்ட சிறுவரைப் பலிகொண்டது. கடும் வெப்பத்தையும் காரணமாகக் காட்டினோர் உளர். இறந்தோர் ஏழைச் சிறுவர் என்பதில் எவரும் மாறுபடவில்லை.

அப்பொழுது பத்திரிகைகள் எதன் மேற் பழி சுமத்தின? 'கொலைகாரப் பழம்' என்ற பேச்சே எங்கும் எழுந்தது. லிச்சியை உண்ணலாமா என்பது நகரத்தாரின் கவலையாயிற்று. விலை வீழுமே என்பது வியாபாரிகளின் கவலையாயிற்று. முசாபர்பூர்த் தோப்புகளும் பெரும்பாலும் பூக்கும் பருவத்திலேயே வியாபாரிகளின் கைக்குக் குத்தகையாகச் செல்பவை என்பதையும், அங்கிருந்து சிறந்த லிச்சி ஆண்டுதோறும் தலைநகர் தில்லியின் உயர் பதவியினர்க்கு அன்பளிப்பாக அனுப்பப்படுவது வழக்கம் என்பதையும் அறியும்போது, த்சாய் சியாங்கின் நூலும் சூ ஷியின் கவிதையும் ஒருசேர நம் நினைவில் எழுகின்றன.

லிச்சியில் நஞ்சு இல்லை என்று நாம் வாதிடவில்லை. நஞ்சு உண்டு, விஞ்ஞானம் அதனைக் கண்டறிந்தமை மனித குலத்துக்குப் பெரும் பயன். ஆனால் அந்நஞ்சு, வயிறு நிறைந்த பிள்ளையைத் தீண்டாது வயிறு ஒட்டிய பிள்ளையையே தேடிக் கொல்லுமாயின், அதனைப் பழத்தின் நஞ்சு என்று மட்டும் கூறுதல் அரைகுறை உண்மையாகும். ஆய்வுகூடம் தந்த விடையின் மறுபாதியைச் சமுதாயமே தருதல் வேண்டும். இத்தனை விஞ்ஞானமும் ஈற்றில் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டில் முதலாவதாக நிற்பது ஒரு வேளைச் சோறே என்பதை ஆசிரியரும் மாணவரும் ஊன்றி நோக்குவாராக.

ஈராயிரம் ஆண்டுகளாக இப்பழத்தை முன்னிட்டுக் காவலாளன் வெட்டுண்டான். ஓட்டன் வழியில் வீழ்ந்தான். ஒரு பெண் கொல்லப்பட்டாள். விளைவித்தவன் வெறுங்கையோடு நின்றான். பிள்ளைகள் விடியுமுன் மாண்டனர். மரமோ கோடைதோறும் பூத்துக் காய்த்துத் தன் கடனைச் செய்து வந்துள்ளது. அதன் மேற் பழி கூறுவதை விடுத்து, கனியைப் பங்கிடும் முறையைப் பற்றிக் கேள்வி எழுப்புவதே வரலாறு கற்றோரின் கடனாகும். தாங் சியாங் என்ற சிற்றூர்த் தலைவர் ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வியை ஓர் அரசனிடம் எழுப்பினார். இன்று அதனை மக்களிடமே எழுப்புதல் வேண்டும். விடை கூறும் வல்லமை அவர்களிடமே உண்டு.